மொந்தானி மூச்சு வாங்கும் இடம்

ஐந்து மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. பாட வேண்டிய ஆள் வரவில்லை.

ஒட்டிலி மூன்றாவது தடவையாக அவர் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எடுக்கலைன்னா கிளம்பிட்டாருன்னு அர்த்தம்," என்றார் அறிவிப்பாளர் லாம்பெர்ட். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், அவர் மைக்குக்கு முன்னால் நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இல்லேன்னா போய்ச் சேர்ந்துட்டாருன்னு அர்த்தம்," என்றான் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த எகோன். அவன் குரலில் துக்கம் எதுவும் இல்லை.

வர வேண்டியவர் ஆரெல் மொந்தானி. 1932-இல் வியன்னாவில் அந்தக் குரல் கேட்காத வீடு கிடையாது. முப்பது வருடமாக ஆப்பரெட்டா என்கிற இசை நாடக மேடை. ரேடியோ வந்ததும் ரேடியோ. படம் பேச ஆரம்பித்ததும் படம். படத்தில் குரல் மட்டும்தான் அவருடையது. ஆள் குட்டை, வயிறு பெரிது என்பதால், ஆறடி உயரத்தில் வேறொருவன் வந்து வாயசைப்பான். பெண்கள் வாயசைத்தவனுக்குப் பூவைக் கொடுத்துவிட்டு, மொந்தானியின் இசைத்தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஞாயிறு மாலை ஐந்து மணி நிகழ்ச்சியில் யார் பாடினாலும் நேரில் வந்து பாட வேண்டும். இசைத்தட்டு போடக் கூடாது. அது நிலையத்தின் கௌரவம். வாரப் பத்திரிகையில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது: "ஆரெல் மொந்தானி, நேரில். பியானோ: எகோன் கீஸ்லர்."

அந்த அரைமணி நேரம் இன்று ஒட்டிலியின் பொறுப்பு. யாரும் விரும்பிக் கொடுக்கவில்லை. ஆறு தடவை நிகழ்ச்சித் தலைவர் கீஸ்லரின் அறைக்குள் போய் நின்று பிடுங்கினாள். அவளுடைய அப்பா ஃபவோரிட்டன் பேட்டைச் சூளையில் செங்கல் அடுக்குகிறவர். அம்மா ஊரார் துணியைத் துவைக்கிறவள். அந்த வீட்டில் புத்தகம் என்று இருந்தது ஒரே ஒரு ஜெபப் புத்தகம். அங்கிருந்து வந்து இசையில் டாக்டர் பட்டம் வாங்கியவளை, நிலையம் மூன்று வருடமாகத் இசைத்தட்டு அறையில் பட்டியல் அட்டை எழுத வைத்திருந்தது. தற்காலிகம் என்று பெயர். இந்த ஞாயிறு ஒழுங்காக முடிந்தால் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வேலை நிரந்தரம். சொதப்பினால் அந்த வேலை எகோனுக்கு. எகோன், நிகழ்ச்சித் தலைவரின் தம்பி மகன். இரண்டு தடவை பரீட்சை எழுதி இரண்டு தடவையும் தேறாதவன். இப்போது ஸ்டூலின் உயரம் போதவில்லை என்று அடியில் ஒரு தடித்த புத்தகத்தைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அது ஒட்டிலியின் ஆய்வேடு.

"ஆப்பரெட்டா பாடகர்கள் மூச்சு வாங்கும் முறை" என்பது அதன் தலைப்பு. இருநூற்றுப் பதினான்கு பக்கம். கீஸ்லர் அதைப் பார்த்த அன்று வயிறு குலுங்கச் சிரித்தார். மூச்சு வாங்குவதற்கெல்லாம் டாக்டர் பட்டமா, என் பாட்டிக்கு ஆஸ்துமா, அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடு என்றார். அவர் சிரித்து முடிக்கும்வரை ஒட்டிலி காத்திருந்தாள். பிறகு, சிரிக்கும்போது நீங்கள் மூன்று இடத்தில் தப்பாக மூச்சு வாங்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"ஃப்ரொய்லைன், ரெண்டு நிமிஷம்தான் இருக்கு," என்றான் எகோன், கல்யாணமாகாத பெண்ணை வெறுமனே கூப்பிடுகிற மாதிரி. "பெரியப்பாவுக்கு நானே போன் பண்ணிடட்டுமா?"

"டாக்டர்," என்றாள் ஒட்டிலி. "ஃப்ரொய்லைன் இல்ல. போன்ல கை வச்ச, விரல ஒடிச்சிடுவேன்."

தட்டு அறைக்கு ஓடினாள். மொந்தானியின் அறுபத்தொரு தட்டுகளும் எந்த அலமாரியில் எந்த வரிசையில் இருக்கின்றன என்பது உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். எட்டுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அறைக்குள் நுழைந்து, புது ஊசி மாட்டினாள்.

தட்டு ஓடும்போது மொந்தானி நேரில் பாடுகிறார் என்று தான் அறிவிக்க வேண்டும் என்பது லாம்பெர்ட்டுக்குப் புரிந்தது. எட்டு வருடத்தில் நான் மைக்கில் பொய் சொன்னதில்லை என்று முனகினார்.

"வானிலை அறிக்கை படிச்சிருக்கீங்களே," என்றாள் ஒட்டிலி. சிவப்பு விளக்கு எரிந்தது.

லாம்பெர்ட் தேன் வடியும் குரலில், இதோ நம் மைக்கின் முன்னால் ஆரெல் மொந்தானி அவர்களே நிற்கிறார் என்று அறிவித்தார். "தபால் வண்டிக் காதலி" ஆப்பரெட்டாவின் முதல் பாட்டு. ஊசி இறங்கியது. குரல் எழும்பியது. நன்றாகத்தான் இருந்தது. ஒட்டிலி பாதி மூச்சு விட்டாள்.

பாட்டு முடிவதற்குள் கூடை இறங்கியது.

மூன்றாம் மாடியில் டெலிபோன் பலகையில் இருப்பவள் ஃப்ராவ் ஸிட்கா. நேயர்களின் புகார்களை அவள் சீட்டில் எழுதி, படிக்கட்டுச் சந்து வழியாகக் கயிறு கட்டிய கம்பிக் கூடையில் இறக்குவாள். ஒரு சீட்டுக்கு ஒரு வரி. பெயர் எழுதக் கூடாது, கதை எழுதக் கூடாது, புகார் மட்டும். அது கீஸ்லர் போட்ட விதி. அவர் வைத்திருந்த கணக்கு இன்னொன்று: ஒரு சீட்டு வந்தால், டெலிபோன் இல்லாத ஆயிரம் பேர் அதையே நினைக்கிறார்கள்.

சீட்டில் இருந்தது: "பாடுபவர் மொந்தானி அல்ல."

"ஆயிரம் பேர்," என்றான் எகோன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ஒட்டிலி லாம்பெர்ட்டின் கையில் ஒரு தாளைத் திணித்தாள். ஆள் நிற்பதை நேயர்கள் கண்ணால் பார்ப்பதுபோல் சொல்லுங்கள் என்றாள். லாம்பெர்ட் சொன்னார். மொந்தானி இன்று சாம்பல் நிறக் கோட்டில் வந்திருக்கிறார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார், என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார் என்றார். இரண்டாவது தட்டு பழசு, சர்ரென்று இரைந்தது. அதற்கும் சேர்த்து, வெளியே நல்ல மழை, ஜன்னலில் அடிக்கும் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். பொய்யில் அவருக்கு ருசி தட்ட ஆரம்பித்திருந்தது.

கூடை இறங்கியது. "மழை பெய்யவில்லை. மொந்தானியிடம் சாம்பல் நிறக் கோட்டே கிடையாது."

"அவரோட துணி அலமாரி வரைக்கும் தெரிஞ்ச ஆள் யாருய்யா இந்த ஊர்ல?" என்றாள் ஒட்டிலி.

"அவரோட பெண்டாட்டிங்கள்ல யாராவது ஒருத்தி," என்றார் லாம்பெர்ட். "மூணு பேர் இருந்தாங்க."

மூன்றாவது தட்டு, அவருடைய படப் பாட்டு ஒன்று. பத்திரிகையில் பியானோ என்று போட்டிருக்கிறது, பியானோ கேட்டால்தான் நேரில் பாடுகிறார் என்று நம்புவார்கள் என ஒட்டிலிக்குத் தோன்றியது. எகோனைக் கூடவே வாசிக்கச் சொல்லிக் கை காட்டினாள். எகோன் சந்தோஷமாக வாசித்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது பாதிப் பிரச்சினை. மீதிப் பாதி, தட்டின் சுருதியும் பியானோவின் சுருதியும் ஒன்றல்ல என்பது. தட்டு அரைக்கால் சுரம் மேலே ஓடியது. இரண்டும் சேர்ந்து கேட்டபோது, யாரோ ஒரு நல்ல மனிதரைச் சந்தையில் வைத்து அடிப்பதுபோல் இருந்தது.

கூடை. "மொந்தானி வாழ்நாளில் சுருதி விலகிப் பாடியதில்லை."

ஒட்டிலி பல்லைக் கடித்தாள். தட்டு சுழலும் வேகத்தைக் குறைக்கும் திருகை விரலால் மெல்லத் திருகினாள். சுருதி இறங்கி வந்தது. பியானோவோடு சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் நிற்காமல் இன்னும் இறங்கியது. திருகு தேய்ந்து போயிருந்தது. படத்தில் நீராவிப் படகின் மேல்தளத்தில் காதலியை அழைக்கும் குரல், இப்போது படகின் அடித்தளத்தில் கரி அள்ளுகிறவனின் குரலாக ஆகிவிட்டது.

கூடை. "இப்போது பாடுவது ஒரு தடித்த குரல்காரர். மொந்தானி எங்கே?"

"நாலாயிரம் பேர்," என்றான் எகோன். பிறகு, தயாரிப்பாளர் அறையில் ஜன்னலோரம் மேசையைப் போட்டால் வெளிச்சம் நன்றாக இருக்கும், அட்டை எழுதுகிற வேலையை அவளுக்கே திரும்பக் கொடுக்கச் சொல்லிப் பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன், எனக்கு மனசு கெட்டதில்லை என்று சொன்னான்.

ஒட்டிலி டெலிபோனை எடுத்தாள். மொந்தானியின் வீட்டு எண்ணை மறுபடி சுழற்றினாள். இப்போது லைன் காலியில்லை என்று காட்டும் விட்டுவிட்டு வரும் ஒலி கேட்டது. டெலிபோனை எடுத்துக் கீழே வைத்துவிட்டான் கோழை என்று முடிவு செய்தாள். அவர்மீதும் கோபம் வந்தது. ஏற்கெனவே கீஸ்லர்மீதும், எகோன்மீதும், பரீட்சை மண்டபத்தில் அவளுடைய கையின் வெடிப்பைப் பார்த்துக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்த பேராசிரியர்மீதும் இருந்த கோபத்தில் அது ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது.

ஐந்து மணி பதினைந்து. ஆள் உயிரோடு நிற்கிறார் என்று நிரூபிக்க இன்னும் ஒரு வழி இருந்தது. வியன்னாவில் ஆப்பரெட்டா பாடகர் ஒரு பாட்டை ஒரு தடவை பாடி விட்டுவிட்டால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஜனம் "ஒன்ஸ்மோர்" கேட்க வேண்டும், அவர் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பப் பாட வேண்டும். நல்ல நாளில் மூன்று தடவை நடக்கும். இசைத்தட்டு ஒன்ஸ்மோர் கேட்டால் பாடாது. எனவே பாடினால் அது மனிதன்.

லாம்பெர்ட் மேசையைத் தட்டினார், காலால் தரையை உதைத்தார், இரண்டு கையாலும் கதவை அடித்தார்; கூட்டம் கேட்கிறது, மொந்தானி மறுக்க முடியாமல் மறுபடி பாடுகிறார் என்றார். ஒட்டிலி திருகை இழுத்துச் சரிசெய்து, அதே தட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். அது முடிந்ததும் மூன்றாம் தடவைக்கு, படத்தின் பிரெஞ்சுப் பதிப்புக்காக அவர் பாடியிருந்த அதே பாட்டின் தட்டைப் போட்டாள். அது அவளுடைய கெட்டிக்காரத்தனம். அட்டை எழுதியவளுக்குத்தான் அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியும்.

இரண்டு சீட்டு ஒன்றாக வந்தன.

ஒன்றில்: "இரண்டு தடவையும் அச்சு அசலாக ஒரே மாதிரி. மொந்தானி எதையும் ஒரே மாதிரி இரண்டு தடவை செய்ததில்லை."

"பெண்டாட்டிதான்," என்றார் லாம்பெர்ட்.

இன்னொன்றில்: "மூன்றாம் வரியில் மூச்சு வாங்குகிறான். மொந்தானி அந்த இடத்தில் மூச்சு வாங்கவே மாட்டார். இது வேறு ஆள். மோசடி."

ஒட்டிலி அதை இரண்டு தடவை படித்தாள்.

மழை இல்லை என்றார்கள், பொறுத்துக்கொண்டாள். கோட்டு இல்லை என்றார்கள், சரி. சுருதி, குரல், எல்லாம் அவள் செய்த கோளாறு. ஆனால் இது அப்படி இல்லை. சூளை வீட்டில் ஒரே அறை. அப்பா தூங்க வேண்டும் என்று கிராமபோனின் வாயில் கம்பளித் துணியை அடைத்து, காதை அதில் வைத்து, ஒவ்வொரு வரியையும் நாற்பது ஐம்பது தடவை கேட்டு எழுதிய இருநூற்றுப் பதினான்கு பக்கம் இது. அதில் நூற்று அறுபத்தேழாம் பக்கத்தை எவனோ ஒருவன் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு பொய் என்கிறான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து நிமிடத்தில் நிகழ்ச்சி முடிந்துவிடும். எப்படியாவது சமாளித்து வேலையை வாங்கிவிடலாம். பாடியது மொந்தானிதான் என்று நிரூபிக்க வேண்டுமானால், அது தட்டு என்று சொல்லியாக வேண்டும்.

ஊசியைத் தூக்கினாள். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு போனாள். லாம்பெர்ட் தானாகவே நகர்ந்து இடம் விட்டார்.

"என் பேர் டாக்டர் ஒட்டிலி நெக்வாடல்," என்றாள் மைக்கில். "இன்னிக்கு மொந்தானி வரல. நீங்க கேட்டதெல்லாம் இசைத்தட்டு. மழை பொய். கோட்டு பொய். பியானோ மட்டும் நெஜம், அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

எகோன் பியானோவிலிருந்து கையை எடுத்தான்.

"ஆனா குரல் அவரோடதுதான். மூணாவது வரியில அவர் மூச்சு வாங்கமாட்டார்னு போன் பண்ணினவர் கேட்டுக்குங்க. வாங்குவார். உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி இருக்கற சொல்ல ரெண்டாக் கிழிச்சு, நடுவுல கால் மூச்சு. அந்த எடத்துல வயலினெல்லாம் சேர்ந்து குதிக்கும், அதனால யார் காதுலயும் விழாது. என் காதுல விழுந்துது. அறுபத்தொரு தட்டுலயும் எண்ணியிருக்கேன். நீங்க மொந்தானியோட பெண்டாட்டியாவே இருங்க, பெத்த அம்மாவாவே இருங்க. இந்த ஒரு விஷயத்துல உங்க எல்லாரையும்விட எனக்குத் தெரியும். சந்தேகமிருந்தா இப்பக் கேளுங்க."

திரும்பிப் போய் ஊசியை மூன்றாம் வரியில் வைத்தாள். தூக்கினாள். மறுபடி வைத்தாள். ஜெர்மனில் மூன்று தடவை, பிரெஞ்சில் மூன்று தடவை. ஆறு தடவையும் அந்தக் கால் மூச்சு, ஒரு குழந்தை தூக்கத்தில் விசும்புவதுபோல் வந்து போயிற்று. அவ்வளவுதான் என்று சொல்லி விளக்கை அணைத்தாள். ஐந்து மணி இருபத்தொன்பது.

கீஸ்லரின் வீடு இரண்டு தெரு தள்ளி. வரும் வழியெல்லாம் திறந்த ஜன்னல்களில் ஒலித்த ரேடியோக்களிலிருந்து அவள் பேசியதை அவர் கேட்டுக்கொண்டே வந்திருந்தார். உள்ளே நுழைந்தபோது தொப்பி கையில் இருந்தது, மீசையில் கேக் துணுக்கு இருந்தது. அவர் கத்தவில்லை. இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து நேயரைப் பார்த்து யாரும் பொய் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் அதை நேயரிடமே போய்ச் சொன்னதில்லை என்றார். ஆறு சீட்டையும் கையில் வாங்கிச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்தார்.

"ஆறாயிரம் பேர், பொண்ணே," என்றார். "சூளையிலேர்ந்து வர்றவங்களுக்கெல்லாம் கதவத் திறந்தா இதான் நடக்கும். நாளைக்கு நீ வர வேண்டாம்."

"வருவேன்," என்றாள் ஒட்டிலி. "தட்டு அறையில இருக்கற அட்டை பூரா என் கையெழுத்து. அது இல்லாம இந்த நிலையத்துல ஒரு நாட்டுப்பாட்டைக்கூட உங்களால தேடி எடுக்க முடியாது. வந்து அத்தனையையும் கலைச்சுப் போட்டுட்டுத்தான் போவேன். எகோன், எந்திரி."

எகோன் எழுந்தான். அவள் ஆய்வேட்டை எடுத்துத் தூசியைத் தட்டினாள். அவன் திரும்ப உட்கார்ந்தபோது பியானோவுக்கு மேல் அவன் கண் மட்டும்தான் தெரிந்தது.

அப்போது வாசலில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. ஃப்ராவ் ஸிட்கா நின்றிருந்தாள். ஏழு வருடத்தில் வேலை நேரத்தில் அவள் டெலிபோன் பலகையை விட்டு இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. ஹெட்போனின் வயர் இன்னும் கழுத்தில் தொங்கியது.

"ஏழாவதா?" என்றார் கீஸ்லர். "படிங்க. இந்தப் பொண்ணு கேக்கட்டும்."

"இது புகார் இல்லீங்க, அதனால சீட்டுல எழுத விதியில்ல," என்றாள் ஸிட்கா. "அந்த ஆறும் ஆறு பேர் இல்லீங்க. ஒரே ஆள். ஒவ்வொரு தடவையும் 'நான்தான் மொந்தானி பேசறேன்'னு ஆரம்பிச்சார். வாரத்துக்கு நாலு குடிகாரங்க அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க, அதனால அத விட்டுட்டு மிச்சத்த எழுதினேன்."

அவள் ஒட்டிலியின் பக்கம் திரும்பினாள்.

"நிகழ்ச்சி அடுத்த ஞாயிறுன்னு நெனச்சு, மொதல்ல நீ அடிச்ச மணி காதுல விழாம சமையல்கட்டுல வெந்நீர் காய்ச்சி, அப்புறம் டெலிபோன் பக்கத்துலயே வெந்நீர்த் தொட்டிய இழுத்துப் போட்டுக் கால வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார் மனுசன், தன்னோட தட்டு ஒண்ணக்கூட இதுவரைக்கும் கேட்டதில்லையாம். நீ பேசி முடிச்சதும் அந்த மூணாவது வரிய எங்கிட்ட போன்லயே பாடிக் காட்டினார், கண்ணு. நீ சொன்ன எடத்துலதான் மூச்சு வாங்கினார்."